எந்த இழப்புக்கு அஞ்சி எங்கே வைப்பது?: முகில் சேமிப்பின் எழுபது ஆண்டுகள்

2025 செப்ரெம்பர் 26ஆம் திகதி இரவு, தென்கொரியாவின் தேஜோன் நகரில் உள்ள தேசிய தகவல் வள நிலையத்தில் லிதியம் மின்கலங்கள் தீப்பற்றின. அரசின் பல நூறு இணையச் சேவைகள் நின்றுபோயின. அடுத்து வந்த நாட்களிலும் வாரங்களிலும் அவை ஒவ்வொன்றாக மீட்கப்பட்டன. ஆனால் ஜி-டிரைவ் என்ற தொகுதியை மீட்க முடியவில்லை. அரச ஊழியர்கள் தமது அலுவலகக் கோப்புகளை வைப்பதற்கென்று ஆளுக்கு 30 கிகாபைட் இடம் கொடுக்கப்பட்டிருந்த பொதுச் சேமிப்பகம் அது. அதிலிருந்த 858 டெராபைட் தரவும் எரிந்து போயிற்று. வெளியிடத்தில் காப்புப் பிரதி இருக்கவில்லை. அதற்கான காரணத்தை அதிகாரிகளே சொன்னார்கள்: அது கொள்ளளவு பெரிய, செயற்றிறன் குறைந்த வகைச் சேமிப்பு, அதனால் வெளியே பிரதி எடுத்து வைக்க முடியவில்லை.

சேமிப்பு வகைகளில் எதைத் தெரிவு செய்வது என்பது கணினிக்காரர்கள் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளும் விடயம் என்றே நம்மில் பலர் எண்ணியிருப்போம். தேஜோனில் எது மீளும், எது மீளாது என்பதை அந்தத் தெரிவே முடிவு செய்தது. தீ எல்லாவற்றுக்கும் பொதுவாகத்தான் வந்தது.

இன்று புலம்பெயர்ந்த தமிழரின் ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் சிற்றிதழ்களும் எண்ணிம நூலகங்களும் தமது படங்களையும் ஒலிப்பதிவுகளையும் மாத வாடகைக்கு முகிலில், அதாவது கிளவுட்டில், வைத்திருக்கின்றன. வாடகைக்கு இடம் எடுக்கப் போகும் எவருக்கும் முதலில் வருவது ஒரே கேள்விதான்: பிளாக் சேமிப்பா, கோப்புச் சேமிப்பா, ஆப்ஜெக்ட் சேமிப்பா? வேகமும் விலையும் போட்ட ஓர் அட்டவணை பக்கத்தில் இருக்கும். அட்டவணையில் வராத ஒன்று உண்டு. இந்த மூன்றும் ஒரே நாளில் ஒரே மேசையில் வரையப்பட்டவை அல்ல. ஒவ்வொன்றும் வேறு காலத்தில், வேறோர் இழப்புக்கு அஞ்சிப் பிறந்தது. எதற்கு அஞ்சிப் பிறந்ததோ அதிலிருந்து அது காக்கும். மற்றவற்றிலிருந்தும் காக்கும் என்று நாமே நினைத்துக்கொள்கிறோம்.

எண் இட்ட அறைகள்

1950களின் தொடக்கத்தில் ஒரு பெரிய நிறுவனத்தின் கணக்கு துளையட்டைகளிலும் காந்த நாடாக்களிலும் இருந்தது. நாடாவில் ஒரு வாடிக்கையாளரின் விவரம் வேண்டுமென்றால் தொடக்கத்திலிருந்து சுற்றிக்கொண்டு போகவேண்டும். ஆகவே நாள் முழுதும் சேர்ந்த அட்டைகளை வரிசைப்படுத்தி, மொத்தமாக ஒருமுறை ஓட்டுவார்கள். களஞ்சியத்தில் ஒரு பொருள் காலையில் தீர்ந்துபோனால் கணக்குக்கு அது மறுநாள்தான் தெரியும். அந்தக் காலத்தின் அச்சம் தாமதம்.

அதற்கு விடை கலிபோர்னியாவின் சான் ஹொசே நகரிலிருந்த ஐபிஎம் ஆய்வுகூடத்தில் பிறந்தது. ரெனோல்ட் ஜோன்சன் தலைமையிலான குழு உருவாக்கிய ராமாக் என்னும் கணினி 1956 செப்ரெம்பரில் அறிமுகமாயிற்று. அதன் சேமிப்பகத்தில் இரண்டடி விட்டமுள்ள 50 உலோகத் தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழன்றன. எடை ஒரு தொன்னுக்கும் மேல். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். இன்றைய கைபேசியில் எடுக்கும் படத்தில் ஒன்றிரண்டுதான் அதில் அடங்கும். முழுத் தொகுதிக்கும் மாத வாடகை 3,200 டொலர். அந்த விலையில் வாங்கியது ஒரு வசதியை: தட்டின் எந்த இடத்துக்கும் கரம் நேரே போகும். சராசரியாக ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் தேடிய விவரம் கையில் இருக்கும்.

நேரே போவதற்கு இடத்துக்கு ஓர் எண் வேண்டும். தட்டு சிறு சிறு அறைகளாகப் பிரிக்கப்பட்டு, அறைக்கு அறை எண் இடப்பட்டது. அந்த அறைகளின் வழித்தோன்றலைத்தான் இன்று பிளாக் என்கிறோம். எந்த அறையில் யாருடைய என்ன தரவு இருக்கிறது என்பது தட்டுக்குத் தெரியாது. இந்த எண்ணில் எழுது, அந்த எண்ணில் வாசி என்பது மட்டுமே அதற்குத் தெரியும். அந்த அறியாமைதான் அதன் வேகம். வங்கிக் கணக்கும் பயணச்சீட்டுப் பதிவும் போல, ஒரு மூலையில் ஒரு சிறு எண் ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும் வேலைகளுக்கு இன்றும் இதுவே தகுந்த வகை. தரவுத்தளம் என்று நாம் சொல்லும் எதுவும் அடியில் பெரும்பாலும் பிளாக்கின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

பெயர் இட்ட கோப்புகள்

மனிதருக்கு அறை எண் நினைவிருக்காது, பெயர் நினைவிருக்கும். ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ளத் தொடங்கிய 1960களில் அச்சம் மாறியது. வைத்ததைக் கண்டுபிடிக்க முடியாமல் போவதும் ஒருவருடையதை மற்றவர் அழித்துவிடுவதும் புதிய கவலைகளாயின. மல்ரிக்ஸ் என்ற பெருந்திட்டத்தில், கோப்புகளை அடைவுகளுக்குள்ளும் அடைவுகளை வேறு அடைவுகளுக்குள்ளும் மரக்கிளை போல வைக்கும் முறை உருவானது. அத்திட்டத்திலிருந்து பெல் ஆய்வுகூடம் விலகிய 1969ஆம் ஆண்டில் கென் தொம்சன் அங்கே யுனிக்ஸ் இயக்குதளத்தை எழுதத் தொடங்கினார். டெனிஸ் ரிச்சி முதலானோர் அதில் சேர்ந்துகொண்டனர்.

யுனிக்ஸில் கோப்பு என்பது தொடர்ச்சியான எழுத்துகள், அவ்வளவுதான். அதன் பெயர் அதற்குள் இருப்பதில்லை. பெயர் அடைவில் இருக்கிறது. உடைமையாளர் யார், யார் வாசிக்கலாம், யார் திருத்தலாம் என்பவை வேறொரு குறிப்பேட்டில் இருக்கின்றன. நூலகத்தில் நூல் ஒரு தட்டிலும் அதன் அட்டை வேறொரு பெட்டியிலும் இருப்பது போல. இந்த ஒழுங்கு ஒரே கணினிக்குள் இருந்தவரை நன்றாக நடந்தது. 1980களில் மேசைக்கு மேசை கணினி வந்தபோது, ஒருவரின் கோப்பு மற்றவரின் கணினியில் இல்லை என்ற தொல்லை தொடங்கியது. 1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் என்எப்எஸ் என்ற முறையை வெளியிட்டது. வேறு அறையில் உள்ள வழங்கியின் கோப்புகள் உங்கள் கணினியிலேயே இருப்பன போலத் தோன்றும். பல அலுவலகங்களில் இன்றும் உள்ள பொதுக் கோப்புறையின் முன்னோடிகளில் அது முக்கியமானது.

இதற்கும் ஒரு விலை இருந்தது. இருவர் ஒரே கோப்பை ஒரே நேரத்தில் திருத்தப்போனால் யார் காத்திருப்பது? வலையமைப்பு நடுவழியில் அறுந்தால், எழுதியது எழுதப்பட்டதா இல்லையா? கோப்புச் சேமிப்பு இந்தக் கேள்விகளுக்கு ஒவ்வொரு கணமும் விடை சொல்லியாக வேண்டும். ஆயிரம் பேர்வரை அதைச் சமாளிக்கலாம். உலகம் முழுதும் வந்து கதவைத் தட்டினால் முடியாது.

உடையும் தட்டுகளின் கணக்கு

1988இல் பேர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பற்றர்சன், கார்த் கிப்சன், ரண்டி காட்ஸ் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை ஓர் எளிய வகுத்தலைச் செய்து காட்டியது. விலை கூடிய ஒரு பெரிய வன்தட்டுக்குப் பதிலாக மலிவான நூறு சிறிய வன்தட்டுகளைச் சேர்த்தால் வேகம் கூடும். ஆனால் ஒரு சிறிய தட்டு சராசரியாக 30,000 மணிநேரம் உழைக்கும் என்றால், நூறில் ஏதாவது ஒன்று பழுதாகும் சராசரிக் காலம் 300 மணிநேரம். இரண்டு வாரம்கூட இல்லை.

அவர்கள் சொன்ன தீர்வு, மேலதிகத் தட்டுகளில் மேலதிகக் குறிப்புகளை எழுதிவைப்பது. ஒரு தட்டு இறந்தால் மற்றவற்றைக் கொண்டு அதைத் திரும்ப ஆக்கிக்கொள்ளலாம். ரெயிட் என்று அறியப்பட்ட அந்த யோசனை, தட்டு உடையாமல் பார்த்துக்கொள்வது என்ற பழைய எண்ணத்தை விட்டு, தட்டு உடையத்தான் போகிறது என்ற எண்ணத்துக்கு மாறியது. 2003இல் கூகிள் தனது கோப்பு முறைமையைப் பற்றி வெளியிட்ட கட்டுரை அதை இன்னும் வெளிப்படையாகச் சொன்னது: பழுது என்பது விதிவிலக்கல்ல, அன்றாட நிகழ்வு. கூகிள் தரவை 64 மெகாபைட் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் மூன்று வழங்கிகளில் வைத்தது.

இந்த வழியின் பயன் பெரியது. அதன் எல்லையையும் அதே அளவில் மனத்தில் கொள்ளவேண்டும். மூன்று பிரதியும் ஒரே கட்டளைக்குக் கீழ்ப்படிகின்றன. எழுது என்றால் மூன்றிலும் எழுதப்படும். அழி என்றால் மூன்றிலும் அழியும். தட்டு உடைவதற்கு இது மருந்து. கை தவறுவதற்கு அல்ல.

2006: முகிலில் கடை திறக்கிறது

2006 மார்ச் 14ஆம் திகதி அமேசன் நிறுவனம் எஸ்3 என்ற சேவையை அறிமுகம் செய்தது. புத்தகம் விற்கும் நிறுவனம் வெற்றிடத்தை வாடகைக்கு விடுகிறது என்று அப்போது பலருக்கு வியப்பு. ஒரு கிகாபைட்டுக்கு மாதம் 15 சதம். முன்பணம் இல்லை, ஒப்பந்தக் காலம் இல்லை.

அது விற்றது பிளாக்கும் அல்ல, கோப்பும் அல்ல. ஆப்ஜெக்ட் என்ற மூன்றாவது வகை. இந்த எண்ணத்தின் வேர்கள் பல்கலைக்கழகங்களில் முன்னமே இருந்தன. ரெயிட் கட்டுரையை எழுதிய மூவரில் ஒருவரான கார்த் கிப்சன் 1990களில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இதற்கு அடிப்படையான ஆய்வுகளை நடத்தினார். எஸ்3 அதை எல்லாரும் வாங்கக்கூடிய சரக்காக்கியது. அதன் விதிகள் சில. ஒரு பெயரைக் கொடுத்து ஒரு பொருளை முழுதாக வைக்கலாம். அதே பெயரைச் சொல்லி முழுதாக எடுக்கலாம். அழிக்கலாம். நடுவில் ஒரு வரியைத் திருத்த முடியாது. திருத்தவேண்டுமானால் முழுப் பொருளையும் மறுபடி வைக்கவேண்டும். அடைவு என்று ஒன்றும் இல்லை. பெயரில் சாய்கோடு போட்டு அடைவு போலக் காட்டலாம். அந்தச் சாய்கோடும் பெயரில் இன்னோர் எழுத்து மட்டுமே.

இத்தனை வசதிகளைக் கைவிட்டது எதற்காக? எல்லையில்லாமல் பெருகுவதற்காக. இருவர் ஒரே வரியைத் திருத்தும் சண்டை இல்லையென்றால் பூட்டும் சாவியும் தேவையில்லை. எத்தனை கோடிப் பொருள் வந்தாலும் பெயரைப் பார்த்து ஏதோ சில வழங்கிகளில் பிரித்து வைத்துவிடலாம். ஒரு முறை எழுதிப் பலமுறை வாசிக்கும் எதற்கும் இது பொருந்தியது. ஸ்மக்மக் என்ற ஒளிப்படத் தளம் முதல் வாடிக்கையாளர்களில் ஒன்றாக இருந்ததில் வியப்பில்லை. எடுத்த படத்தை யாரும் நடுவில் திருத்துவதில்லை.

அதே ஆண்டு ஓகஸ்ட் மாதம் அமேசன் ஈசி2 என்ற பெயரில் மெய்நிகர் கணினிகளையும் மணிநேர வாடகைக்கு விட்டது. சிறிய கணினி ஒன்றுக்கு மணிக்கு 10 சதம். கூடவே 160 கிகாபைட் வட்டு. அந்த வட்டில் ஒரு பொறி இருந்தது. கணினியை மூடினால் வட்டில் உள்ளதும் போய்விடும். தங்கும் விடுதி அறையின் அலமாரி போல. அறையை ஒப்படைத்தால் அலமாரியும் வெறுமையாகும். தரவுத்தளம் ஓட்ட நினைத்தவர்கள் இரண்டு ஆண்டு அந்தரப்பட்டார்கள். 2008 ஓகஸ்ட் மாதம் ஈபிஎஸ் என்ற பெயரில் பிளாக் சேமிப்பு தனியே வந்தது: கணினி போனாலும் வட்டு இருக்கும், வேறு கணினியில் கொழுவிக்கொள்ளலாம். பலர் ஒரே நேரத்தில் பகிரும் கோப்புச் சேமிப்பான ஈஎப்எஸ் பொதுப் பாவனைக்கு வர 2016 ஆயிற்று.

வரிசையைக் கவனிக்கலாம். தரையில் பிளாக் முதலில் பிறந்தது, பிறகு கோப்பு, கடைசியாக ஆப்ஜெக்ட். முகிலில் ஆப்ஜெக்ட் முதல், பிறகு பிளாக், கடைசியில் கோப்பு. பெரும் அளவில் கட்டுவதற்கு எளிதானது எதுவோ அது முதலில் வந்தது. விலையும் அந்த வரிசையிலேயே அமைந்தது.

மூன்று சதம், பத்துச் சதம், முப்பது சதம்

2016ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அமேசனின் வேர்ஜினியா தரவு மையங்களில் ஒரு கிகாபைட்டின் மாத வாடகை இப்படி இருந்தது: ஆப்ஜெக்ட் 3 சதம், சாதாரண பிளாக் 10 சதம், கோப்பு 30 சதம். நூலகம் ஒன்றிடம் ஆயிரம் கிகாபைட் வருடிய பக்கங்கள் இருந்தால், வைக்கும் வகையைப் பொறுத்து மாதம் 30 டொலரும் ஆகலாம், 300 டொலரும் ஆகலாம். பக்கங்கள் ஒன்றே; பத்து மடங்கு வித்தியாசம். இதில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஆப்ஜெக்டில் வைத்த அளவுக்கே காசு. பிளாக்கில் ஒதுக்கிய அளவுக்குக் காசு. வட்டின் முக்கால்வாசி வெறுமையாகக் கிடந்தாலும் முழு வாடகை.

விலை இன்னும் இறங்கக்கூடும் என்பதை 2012 ஓகஸ்டில் வந்த கிளேசியர் காட்டியது. கிகாபைட்டுக்கு மாதம் ஒரே ஒரு சதம். ஆனால் கேட்டவுடன் கிடைக்காது. மூன்று முதல் ஐந்து மணிநேரம் காத்திருக்கவேண்டும். அதற்குப் பின்வந்த ஆழ்காப்பு வகையில் ஆயிரம் கிகாபைட்டுக்கு மாதம் ஏறத்தாழ ஒரு டொலர். எடுக்கப் பன்னிரண்டு மணிநேரம்வரை செல்லும். வைத்ததை 180 நாளுக்கு முன் அழித்தால் மிச்ச நாளுக்கும் வாடகை கட்டவேண்டும். 1956இல் தாமதத்தை ஒழிக்கப் பெரும் பணம் கொடுத்தார்கள். 2012இல் தாமதத்தை ஏற்றுக்கொண்டு பணத்தை மீதப்படுத்தினார்கள்.

அட்டவணையில் சிறிய எழுத்தில் வரும் இன்னொரு விலை, வெளியே எடுக்கும் விலை. உள்ளே வைக்கக் கட்டணம் இல்லை. இணையம் வழியாக வெளியே எடுக்க, பெரிய நிறுவனங்கள் நெடுங்காலமாகக் கிகாபைட்டுக்கு ஒன்பது சதம் அளவில் அறவிட்டன. அந்த விலையில் ஆயிரம் கிகாபைட் நூலகம் வேறு இடத்துக்குக் குடிபெயர 90 டொலர் ஆனது. சிறிய சங்கத்துக்கு அது தாங்கக்கூடிய தொகைதான். நூறு மடங்கு பெரிய காப்பகம் ஆயிரக்கணக்கான டொலர் தேடவேண்டியிருந்தது. மலிவாக இருக்கிறதென்று நுழைந்த வீட்டிலிருந்து வெளியேறக் காசில்லாமல் தங்கிப்போவதும் ஒருவகை இழப்பு.

பதினொரு ஒன்பதுகள்

ஆப்ஜெக்ட் சேமிப்பை விற்பவர்கள் சொல்லும் புகழ்பெற்ற எண் ஒன்று உண்டு: 99.999999999 சதவீதம். பதினொரு ஒன்பதுகள். அமேசன் தந்த விளக்கத்தின்படி, ஒரு கோடிப் பொருள்களை வைத்தால் சராசரியாகப் பத்தாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பொருள் தொலையலாம். இது பொய்யல்ல. ஆனால் இது ஒரு வடிவமைப்பு இலக்கு. பற்றர்சன் குழுவினர் 1988இல் தொடங்கிய கணக்கின் நீட்சி. கருவி பழுதாவதை எண்ணிப் போட்ட கணக்கு. கட்டளை தவறுவதை இது எண்ணவில்லை.

எண்ணாதவை எப்படி வந்தன என்பதை முகிலின் குறுகிய வரலாறே சொல்கிறது.

2011 ஏப்ரல் 21ஆம் திகதி வேர்ஜினியாவில் அமேசனின் பொறியியலாளர்கள் வலையமைப்பை விரிவாக்கும்போது போக்குவரத்தைத் தவறான, கொள்ளளவு குறைந்த பாதைக்குத் திருப்பிவிட்டார்கள். பிளாக் சேமிப்பு வழங்கிகள் ஒன்றையொன்று காணாமல் தவித்தன. இணைப்பு மீண்டதும் தமது இரட்டைப் பிரதி தொலைந்துவிட்டதென்று எண்ணி, எல்லாம் ஒரே நேரத்தில் புதிய பிரதி எடுக்க இடம் தேடின. இடம் தீர்ந்தது. பாதுகாப்புக்கென்று வைத்த ஏற்பாடே நெரிசலாயிற்று. ரெடிற், குவோரா, போர்ஸ்குவெயர் ஆகிய தளங்கள் முடங்கின. முடிவில் அந்த வலயத்தின் வட்டுகளில் 0.07 சதவீதம் மீளவில்லை. எண் சிறிது; அந்த வட்டு நம்முடையதாக இருந்தால் நமக்கு நூறு சதவீதம்.

2017 ஜனவரி 31ஆம் திகதி கிற்லாப் நிறுவனத்தின் பொறியியலாளர் ஒருவர் இரவு வேலையின் நடுவே தவறான வழங்கியில் தரவுத்தளத்தை அழித்தார். நிறுவனம் நடந்ததை ஒளிக்காமல் எழுதியது. ஐந்து வகைக் காப்பு ஏற்பாடுகள் இருந்தன. நம்பியபடி ஒன்றும் இயங்கவில்லை. எஸ்3இல் வைத்திருந்த காப்புப் பெட்டகத்தைத் திறந்தால் அது வெறுமையாக இருந்தது. தரவை எடுக்கும் நிரல் பொருந்தாத பதிப்பு ஆகையால் ஒவ்வொரு நாளும் தோற்றிருக்கிறது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. பதினொரு ஒன்பதுகளின் உறுதியோடு வெற்றிடம் பாதுகாக்கப்பட்டிருந்தது. ஆறு மணிநேரம் முந்தைய ஒரு ஸ்னாப்ஷாட், வேறொரு தேவைக்காகத் தற்செயலாக எடுத்தது, அவர்களைக் காப்பாற்றியது.

2019இல் மைஸ்பேஸ் தளம், வழங்கி மாற்றும் வேலையில் 2016க்கு முன் பயனர்கள் ஏற்றிய பாடல்களும் படங்களும் காணொளிகளும் தொலைந்துவிட்டதாக ஒப்புக்கொண்டது. பன்னிரண்டு ஆண்டு இசை. பல இளம் பாடகர்களிடம் வேறு பிரதி இருக்கவில்லை; தளத்தையே பிரதி என்று நம்பியிருந்தார்கள்.

2021 மார்ச் 10ஆம் திகதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று முற்றாக எரிந்தது. பக்கத்துக் கட்டடத்தில் ஒரு பகுதியும் எரிந்தது. சுமார் 36 லட்சம் இணையத்தளங்கள் நின்றன. காப்புப் பிரதியையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள். ரஸ்ட் என்ற விளையாட்டின் ஐரோப்பிய வழங்கிகள் 25 போயின. தரவு மீளாது என்று அதன் நிறுவனம் அறிவித்தது.

2024 மே மாதம் அவுஸ்திரேலியாவின் யுனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்துக்கு நேர்ந்தது இவை எல்லாவற்றையும்விட விசித்திரமானது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட நிதியம் அது. இரண்டு வேறு இடங்களில் பிரதி வைத்திருந்தார்கள், பாடப்புத்தகம் சொல்லும்படி. ஆனால் இரண்டும் கூகிளிடம் இருந்த ஒரே சந்தாவின் கீழ் இருந்தன. அமைக்கும்போது கூகிளின் பக்கத்தில் ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டதால், ஓராண்டு முடிந்ததும் அந்தத் தனிமுகில் தானாகவே நீக்கப்பட்டது. இரண்டு இடத்திலும். அந்த நீக்கலுக்கு வெளியே, ஆப்ஜெக்ட் சேமிப்பில் தனியாகவும் வேறொரு நிறுவனத்திடமும் இருந்த பிரதிகளைக் கொண்டு மீண்டார்கள்.

இந்த நிகழ்வுகளில் ஒன்றும் வன்தட்டு பழுதானதால் தொடங்கவில்லை. தூரம், கட்டளை, உடைமை, இவைதான் மறுபடி மறுபடி வருகின்றன. பிரதி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? ஒரே கட்டளையில் எத்தனை பிரதி அழியும்? கணக்கு யார் பெயரில், யார் காசில் இருக்கிறது? பிளாக், கோப்பு, ஆப்ஜெக்ட் என்ற பிரிவு இக்கேள்விகளில் ஒன்றுக்கும் விடை சொல்வதில்லை.

ஏடு பெயர்த்தெழுதியவர்கள்

இதைத் தமிழில் எழுதும்போது ஒரு பழைய பழக்கம் நினைவுக்கு வராமல் இருக்காது. பனையோலை நம் வெப்பத்திலும் ஈரத்திலும் நெடுங்காலம் தாங்காது. செல்லரிக்கும், ஒடியும். ஆகவே நம் முன்னோர் ஓலையை நம்பவில்லை, பெயர்த்தெழுதுவதை நம்பினார்கள். பழைய ஏடு உதிரும் முன் புதிய ஏட்டில் எழுதுவார்கள். அது இன்னொரு மடத்திலோ இன்னொரு புலவர் வீட்டிலோ இருக்கும். ஓரூர் ஏடு எரிந்தாலும் வேறூர் ஏடு இருக்கும். 1887இல் சி. வை. தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும் உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் அச்சேற்ற முடிந்தது, ஒருவரோடொருவர் தொடர்பில்லாத பல வீடுகளில் ஏடுகள் கிடந்ததால்தான். பெயர்த்தெழுதுவது நின்ற இடத்தில் நூல்கள் போயின. எத்தனை போயின என்று யாராலும் எண்ண முடியாது. எண்ணுவதற்குப் பெயர்கூட மிஞ்சவில்லை.

அந்தப் பாடத்தின் மறுபக்கத்தை 1981இல் கண்டோம். மே 31ஆம் திகதி இரவு தொடங்கி எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள் இருந்தன. பிற இடங்களிலும் பிரதி இருந்தவற்றைப் பின்னர் தேடிச் சேர்க்க வழி இருந்தது. ஒரே பிரதியாக அங்கே இருந்த சுவடிகளுக்கு வழி இல்லை. நூலகம் அன்புடனும் ஒழுங்குடனும் பேணப்பட்டதுதான். அரியவை அனைத்தும் ஒரே கூரையின் கீழ் இருந்தன என்பதே அந்தத் தீயை இவ்வளவு கொடியதாக்கியது.

1998 தைப்பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டமும் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டமும் அந்த நினைவின் வழிவந்தவை என்று சொல்லலாம். சுவிற்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைத்த மதுரைத் திட்டத்தில் பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தார்கள். எழுத்துக் குறியாக்கம் மாறியபோது அவை திஸ்கியிலிருந்து யுனிகோடுக்கு மாற்றப்பட்டன. அதுவும் பெயர்த்தெழுதுவதுதான். முகில் பூச்சியங்களையும் ஒன்றுகளையும் காக்கும். அவற்றை வாசிக்கத் தெரிந்த மென்பொருளைக் காக்காது. யாரும் யாரிடமும் அனுமதி கேட்காமல் அந்நூல்களைப் படியெடுத்துத் தம் கணினியில் வைத்துக்கொள்ளலாம் என்ற ஏற்பாடுதான் அவற்றின் மிகப்பெரிய பாதுகாப்பு. 1999இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக நூலகம் தொடங்கிய லொக்ஸ் என்ற திட்டத்தின் பெயருக்கும் அதுவே பொருள்: நிறையப் பிரதிகள் இருந்தால் நூல்கள் பிழைக்கும்.

எனவே, எதைத் தெரிவது?

ஒரு சிறிய காப்பகத்துக்கு வரலாறு தரும் விடை சிக்கலானதல்ல. ஓயாமல் மாறும் தரவுத்தளத்துக்கும் இணையத்தளத்துக்கும் பிளாக்; அளவைக் குறைத்து வைத்தால் போதும், தேவையென்றால் பெருக்கலாம். பலர் சேர்ந்து திருத்தும் வேலைக் கோப்புகளுக்குக் கோப்புச் சேமிப்பு. வேலை முடிந்ததும் அங்கிருந்து அகற்றிவிடவேண்டும், அது விலை கூடிய இடம். வாசகர் பார்க்கும் படங்களுக்கும் மின்னூல்களுக்கும் ஆப்ஜெக்ட். வருடிய மூலப் படங்கள், வெட்டாத ஒலிப்பதிவுகள் ஆகிய, ஆண்டுக்கு ஒருமுறைகூடத் திறக்காதவற்றுக்கு ஆழ்காப்பு.

இது பாதி விடை. மீதிப் பாதியை ஒளிப்படக் கலைஞர் பீற்றர் குரோ 2005ஆம் ஆண்டளவில் பரவச் செய்த மூன்று-இரண்டு-ஒன்று என்ற விதி சொல்கிறது: மூன்று பிரதிகள், இரண்டு வேறுவகை ஊடகங்களில், ஒன்று வேறு இடத்தில். யுனிசூப்பரின் அனுபவத்துக்குப் பிறகு இன்னொன்றையும் சேர்க்கவேண்டும்: அந்த ஒன்று வேறு கையில், வேறு கணக்கில் இருக்கட்டும். கிற்லாப்பின் இரவுக்குப் பிறகு மற்றொன்று: ஆண்டுக்கு ஒருமுறையாவது காப்புப் பிரதியைத் திறந்து ஒரு நூலை எடுத்து வாசித்துப் பார்க்கவேண்டும். திறந்து பாராத பெட்டகத்தில் என்ன இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது.

நமது சங்கங்களுக்கு இதைவிட அவசரமான ஒன்று உண்டு. பெரும்பாலும் முகிற்கணக்கு ஆர்வமுள்ள ஒரு தனிமனிதரின் மின்னஞ்சலிலும் அவரது கடன் அட்டையிலும் இருக்கும். அவர் நோயுற்றால், மறைந்தால், சங்கத்தோடு மனக்கசப்பாகி விலகினால், அட்டை காலாவதியானால், நிறுவனம் சில நினைவூட்டல்களை யாரும் திறக்காத அஞ்சற்பெட்டிக்கு அனுப்பும். அதன்பின் விதிப்படி அழிக்கும். வன்தட்டு ஒன்றும் உடைந்திருக்காது. பதினொரு ஒன்பதுகளும் அப்படியே இருக்கும். சங்கத்தின் அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் பிளாக்கா ஆப்ஜெக்டா என்று விவாதிக்கும் முன், கடவுச்சொல் எத்தனை பேரிடம் இருக்கிறது, வாடகை யார் கட்டுகிறார், வேறொரு நாட்டில் வேறொரு சங்கத்திடம் நம் பிரதி ஒன்று இருக்கிறதா என்று கேட்டுக் கூட்டக் குறிப்பில் எழுதிவைப்பது நல்லது. அந்த மூன்று வரிக்கு மாத வாடகை கிடையாது.